பூ இல்லாத புடவை

எங்கள் வீட்டில் ஒரு விதி இருந்தது. எங்கும் எழுதிவைக்கப்படாததால் எல்லோரும் அதைக் கடைப்பிடித்தார்கள். பூவோ மயிலோ நெய்ய ஆசைப்படுகிறவர் முதலில் பூவே இல்லாத வெறும் பட்டுப் புடவை ஒன்றைக் குறையில்லாமல் நெய்து அப்பாவிடம் காட்ட வேண்டும். அதை அவர் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தேறினால்தான் தறியின் மேல், பூ வேலைக்கு இழைகளைத் தூக்கித் தரும் ஜக்கார்டு பெட்டி ஏறும். பின்னாளில் அரசு வேலையில் நான் மனப்பாடம் செய்த விதிகளில் ஒன்றுக்கும் இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

சித்தப்பாவுக்கு அந்த விதி அவமானமாக இருந்தது. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அவரைப்போல் வரைகிறவர் இல்லை. கரித்துண்டால் சுவரில் அன்னம் ஒன்றை இழுத்தாரென்றால் அது கழுத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கும். அந்த அன்னத்தை முந்தானையில் நெய்து தரும்படி ஒரு கடைக்காரர் கேட்டிருந்தார். ஐப்பசிக்குள் முடியாவிட்டால் படம் வேறு தறிக்குப் போய்விடும்.

விதிப்படி வெறும் புடவைக்காக, சித்தப்பாவின் தறியில் மாம்பழ மஞ்சளில் நீள இழைப் பாவு ஏறியது. வெறும் நெசவில் ஒளிந்துகொள்ள இடமில்லை. கை ஒரே கனத்தில் விழ வேண்டும். பாதியில் எழுந்து போனால் பாவு தளர்ந்து, மறுபடி தொடங்கிய இடத்தில் மெல்லிய கோடு விழும். சித்தப்பாவுக்கோ ஓரிடத்தில் உட்கார வராது.

புடவையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கியபோது அதில் வரிசை வரிசையாகச் சரிகைப் பூக்கள் இருந்தன. பெட்டியில்லாமல், இழைகளை விரலால் பொறுக்கியே நெய்தவை. வரிசைகளுக்கு நடுவே இடைவெளி ஒரே மாதிரி இல்லை. காற்று உதிர்த்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. அவ்வளவு அழகான துணியை நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்பா முதல் வரிசையில் விரலை வைத்தார்.

“இங்க எழுந்து போயிருக்க.”

அடுத்த வரிசைக்குப் போனார். “இங்கயும்.”

அம்மா எட்டிப் பார்த்தாள். “இத்தினி வாட்டியா எழுந்துப்ப? தறிக்குழியில முள்ளா இருக்குது?”

“பூ நல்லா இல்லியா அண்ணி?” என்றார் சித்தப்பா.

“பூவுக்கு இன்னா, நல்லாத்தான் இருக்குது. கோட்டு மேலயே பாத்துப் பாத்து நட்டு வெச்சிருக்கியேப்பா.”

சித்தப்பா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அப்பா குரலை உயர்த்தாமல், ஒரு வரிசை விடாமல் விரல் வைத்துக் கடைசிவரை போனார். பிறகு, “ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்குது. திரும்ப நெய்” என்றார்.

பாவில் மீதியிருந்ததை நெய்த நாட்களில் சித்தப்பா பாதியில் எழுந்து போகவில்லை. தறிச் சத்தம் மட்டும் ஏற்றமோ இறக்கமோ இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அது சலிப்பாக இருந்தது.

இரண்டாவது புடவையை அப்பா வெளிச்சத்தில் பிடித்தார். விரல் வைக்க அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

“பெட்டிய ஏத்திக்கோ.”

சித்தப்பா துணியை வாங்கித் தடவிக்கொண்டே நின்றார். “இன்னும் ஒண்ணு வெறும் புடவ நெய்றேன்ணா.”

“கடக்காரர் காத்துக்கினு இருக்க மாட்டாருடா.”

“தெரியும்ணா. இதுல நடுவுல ஒரு எடத்துல கை தடுமாறிடுச்சி.”

அப்பா புடவையைத் திரும்ப வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் தேடினார். அவருக்கு அது தெரியவில்லை.

அன்னம் வேறு தறிக்குப் போயிற்று. சித்தப்பாவை அப்பா பயமுறுத்தி ஒடித்துவிட்டார் என்று நான் அழுதேன். அன்று சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம், “இனிமே அவன் துணிய நான் பாக்கல” என்றார். கோபத்தில் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.