கம்போங் செட்டியில் நான்கு அங்குல நூல்

நாற்பது வயதில் எனக்குப் பிடித்த பைத்தியம் எறும்பைப் படம் எடுப்பது. சிரிக்காதீர்கள். என் மடிப்புக் கேமராவில் ஆறடிக்குள் இருக்கும் எதுவும் தெளிவாக விழாது. ஆறடி தள்ளி நின்று எறும்பை எடுத்தால் தரைதான் வரும். அப்படி நிறையத் தரை எடுத்து வைத்திருந்தேன்.

இது ஜப்பான்காரன் காலத்தில், 1944 பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் போன பயணம். நான் அப்போது மலாயாவில், தம்பின் என்ற ஊரின் ரயில் நிலையத்தில் சரக்குக் கிளார்க். மலாக்காவை ஒட்டிய காஜா பெராங்கில், செட்டி மக்கள் வாழும் கம்போங் செட்டி என்ற குடியிருப்பில் இருக்கும் ஆறுமுகம் பிள்ளை என்பவர் பூவின் மகரந்தத்தைக்கூடத் தனித்தனியாகப் படம் பிடிப்பாராம். லாரி டிரைவர் மாணிக்கம்தான் சொன்னான். எனக்கும் கற்றுத் தருவாரா என்று அவனிடமே சொல்லி அனுப்பினேன், அவன் மூலமாகவே பதிலும் வந்தது. கற்றுத் தருகிறேன், ஆனால் என்னிடம் பிலிம் இல்லை, உங்களிடம் இருப்பதில் ஒரு படம் நான் சொல்வதை எடுக்க வேண்டும் என்று. என் கேமராவில் மூன்று படத்துக்குத்தான் பிலிம் மிச்சம். கடையில் காசு கொடுத்தாலும் கிடைக்காத காலம். அப்படி என்னத்தை எடுக்கச் சொல்லப்போகிறார் என்று அப்போதே உறுத்தியது.

ரயிலில் போயிருக்கலாமே என்பீர்கள். மலாக்காத் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தண்டவாளத்தோடு, அங்கே ரயில் பாதை போட ஆட்களையும்தான். அதனால், பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய மாணிக்கத்தின் லாரி. இருபத்து நான்கு மைல், ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டில் மூன்று வெள்ளி. அப்போது கடிகாரமெல்லாம் தோக்கியோ நேரம்தான், அதன்படி ஒன்பதுக்குக் கிளம்பினோம். கேமராவை மரவள்ளிக் கிழங்குக் கூடையின் அடியில் வைத்திருந்தேன், ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தும் ஒப்படைக்காத கேமரா.

"அண்ணே, வழியில அலோர் காஜாவுல செக் பண்ணுவானுங்க. கூடைய மடியில வச்சிக்காதீங்க, கால்ல போடுங்க. மடியில வச்சா தங்கம்னு நெனப்பானுங்க," என்றான்.

இவனுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை என்று அவன் மேலும் சந்தேகப்பட்டேன். அந்தக் காலம் அப்படி. பக்கத்து வீட்டுக்காரன் நலம் விசாரித்தால்கூட அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று பயந்தோம். நல்ல வேளையாக, சோதனைச் சாவடியில் கிழங்கை மேலாகக் குத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

பதினொன்று நாற்பதுக்கு மலாக்கா. அங்கிருந்து காஜா பெராங்குக்கு ஒன்றரை மைல் நடை. கம்போங் செட்டியில் வாசலுக்கு வாசல் மாவிலை கட்டியிருந்தது. ஆறுமுகம் பிள்ளை என்னைவிடப் பத்து வயது சின்னவர். செட்டி மக்களுக்கு வீட்டுமொழி மலாய் என்பதால் மலாயிலேயே பேசினோம், இங்கே தமிழில் எழுதுகிறேன். உட்காரச் சொல்வதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி, "ரயில்வேயில யாருக்குக் கீழ வேலை?"

"ஒரு ஜப்பான்காரருக்குக் கீழே. வேறு யாருக்குக் கீழே இருக்க முடியும்?"

அவருடைய அண்ணி மீனாட்சி, சாரோங் கைலியும் கெபாயா மேல்சட்டையுமாக, அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேசவும் இல்லை, காப்பித் தண்ணீர் கொடுக்கவும் இல்லை. வந்தது தப்போ என்று தோன்றியது.

வித்தை என்னவோ எளிதுதான். பூதக்கண்ணாடி ஒன்றின் பிடியைக் கழற்றி, என் கேமராக் கண்ணுக்கு முன்னால் கட்டினார். அந்தக் கண்ணாடியிலிருந்து ஒரு நூல், நான்காவது அங்குலத்தில் ஒரு முடிச்சு. முடிச்சு எதைத் தொடுகிறதோ அது தெளிவாக விழும். அரை அங்குலம் தள்ளினால் புகைமூட்டம்தான். செம்பருத்தியின் மகரந்தத்தை முடிச்சு தொட, நூலை விலக்கி, மூச்சை அடக்கி எடுத்தேன். செத்த எறும்பு ஒன்று இரண்டாவது படம். சின்னப் பிள்ளைபோலச் சந்தோஷப்பட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது படத்துக்கு அவர் உள்ளே போய் ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்தார். கல்யாணக் கூட்டப் படம், இருபது பேர் இருப்பார்கள். பின்வரிசையில் மொச்சைக்கொட்டை அளவு ஒரு முகத்தைத் தொட்டு, "இது மட்டும்," என்றார்.

"யார் இது?"

"ஒரு ஆளு."

"முகம் மட்டும் எதற்கு?"

"பெருசா வேணும். நாளைக்குள்ள."

கூட்டத்திலிருந்து ஒருவன் முகத்தைப் பெரிதாக்கிக் கேட்பது யார்? ஆள்காட்டி. அடுத்த வாரம் இந்த மனிதனைத் தேடி லாரி வரும், என் கேமராதான் வழிகாட்டியிருக்கும். மாட்டேன் என்று சொல்லவும் பயம், கூடையில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியுமே.

பிள்ளை முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பிடித்து வெயிலைப் படத்தின் மேல் திருப்பிக்கொண்டிருந்தார். நான் கேமராவை ஒரு விரற்கடை பின்னால் இழுத்தேன்.

"முடிச்சு பட்டுதா?"

"பட்டுவிட்டது," என்றேன். அழுத்தினேன். ஓர் உயிரைக் காப்பாற்றிய பெருமையோடு அன்று நன்றாகத் தூங்கினேன்.

திரும்பிப் போகும் லாரி மறுநாள் மாலைதான். மறுநாள் போகி. கழுவிப் பெரிதாக்கும் சாமான் பிள்ளையிடமே இருந்தது. மதியம் நடு அறையில் வாழை இலைகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அன்று செட்டி வீடுகளில் இறந்தவர்களுக்குப் படையல், ஆளுக்கு ஓர் இலை. சோறு ஒரு கவளம், மீதியெல்லாம் கிழங்கு. கடைசி இலைக்கு முன்னால் புதிதாக ஒரு படம் சாய்த்து வைத்திருந்தது. நான் எடுத்ததுதான். மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. திரையை இழுத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றோம், போனவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று.

பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் செம்பருத்திப் படம், ஒவ்வொரு தூளும் எண்ணலாம்போல இருந்தது.

"அதே நூலு. அதே முடிச்சு," என்றார்.

"முடிச்சு படவில்லை. நான்தான் இழுத்தேன். யாரையோ காட்டிக்கொடுக்கக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன்."

அவர் செம்பருத்திப் படத்தைத் திண்ணையில் வைத்தார். "என் அண்ணன். சயாம்ல செத்துப் போயிட்டாரு. தப்பிச்சு வந்த ஒருத்தரு சொன்னாரு. அண்ணன் செத்ததை உங்ககிட்ட சொன்னா, சேதி யாரு கொண்டு வந்ததுன்னு கேப்பீங்க, தப்பிச்சு வந்தவரு மாட்டிக்குவாரு. ரயில்வே ஆளாச்சே. அண்ணன் வேற படமே எடுத்துக்கல."

உயிரோடு இருக்கிறவர்கள் நிற்கும் படத்தைப் படையலில் வைக்கமாட்டார்கள். அதனால்தான் முகம் மட்டும். எங்கள் வீட்டிலும் வைக்கமாட்டோம். தெரிந்த விஷயம், பயத்தில் புத்திக்கு எட்டவில்லை. கல்யாணப் படம் இரவல், காலையிலேயே உஜோங் பாசிரில் அதைக் கொடுத்த வீட்டாருக்கே திரும்பிப் போய்விட்டது. எனக்கும் பிலிம் தீர்ந்துவிட்டது.

நாங்கள் பேசியதை மீனாட்சி கேட்டுக்கொண்டுதான் நின்றார். அதுவரை என்னை எந்த முறையும் வைத்துக் கூப்பிடாதவர், "அபாங், சாப்பிட வாங்க," என்று அண்ணன் முறை வைத்து அழைத்தார். இலை முன்னால் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஜப்பான்காரன் போனதும் ஆறு சுருள் பிலிமோடு உஜோங் பாசிருக்கு ஓடினேன். அந்த வீட்டார் எங்கோ போய்விட்டார்கள், படமும் போய்விட்டது. ஒவ்வொரு போகிக்கும் அந்த மங்கல் முகத்துக்குத்தான் இலை போடுகிறார்கள். நானும் போகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: இப்போது தம்பினிலிருந்து பஸ் ஓடுகிறது, காலையில் ஏறினால் வெயில் ஏறுமுன் காஜா பெராங். போகியன்று போனால் வாசலில் நின்று, திரை திறக்கும்வரை காத்திருங்கள். பூதக்கண்ணாடி எதுவும் ஆகும், கண்ணாடிக்குத் தகுந்தபடி நூலை மட்டும் அளந்துகொள்ளுங்கள். முடிச்சு பட்டதா என்று யாராவது கேட்டால், பட்டிருந்தால் மட்டும் பட்டது என்று சொல்லுங்கள்.