எழுத்து ஓடும்போது எழுந்து போனவர்

படம் முடிந்தால் எங்கள் ஆட்கள் பெயர் பார்ப்பதில்லை. கதாநாயகன் வில்லனை அடித்து வீழ்த்தியதுமே பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடுவார்கள். கூட்டம் வெளியே வருவதற்குள் தாராவி பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும். நானும் இத்தனை வருடமாக அப்படித்தான் ஓடியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் செம்பூர் தியேட்டரில் நகராமல் உட்கார்ந்திருந்தேன். படத்தில் தபால்காரர்கள் மாட்டிக்கொண்டு வரும் தோல்பைகள் எங்கள் பட்டறையில் செய்தவை. என் வீட்டுக்காரர் தோல் வெட்டினார், நான் தைத்தேன். வாங்க வந்த படக்கம்பெனி ஆள், "கடைசியில பேரு போடுவோம்" என்று அவரிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கிப் போயிருந்தான். அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

எழுத்து ஓட ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆளைக் காணோம்! பழக்கத்தில் எழுந்து போனாரா, பெயர் வராவிட்டால் என்ன செய்வதென்று பயந்து போனாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அப்போது கோபம் கோபமாக வந்தது.

எல்லாம் இங்கிலீஷ். நான் ஒரு வரியை எழுத்துக்கூட்டுவதற்குள் நாலு வரி மேலே போய்விட்டது. அடுத்த சீட்டில் போனை நோண்டிக்கொண்டிருந்த காலேஜ் பெண்ணிடம், "ஒரு பேரு வருதான்னு பாத்துச் சொல்லும்மா" என்றேன்.

"என்ன பேரு ஆன்ட்டி? ஜல்தி சொல்லுங்க."

கல்யாணமானதிலிருந்து புருஷன் பெயரை நான் சொன்னதேயில்லை. ரேஷன் கடையில்கூட மகளை விட்டுத்தான் சொல்லச் சொல்வேன். திரையில் வரிகள் யாருக்காகவும் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். உடம்பெல்லாம் கூசியது.

அவள் கடைசி வரி வரைக்கும் பார்த்தாள். "அந்தப் பேரு வரலையே ஆன்ட்டி."

வாசலில் நின்றிருந்தார். "ஏளா, வந்துச்சா?" அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"வந்துச்சு. நல்லாத் தெரிஞ்சுது. நானே பாத்தேன்."

"நெசமாவா? ஒம் பேரத்தான எழுதிக் கொடுத்தேன். தச்சது நீதான?"

நான் தேடச் சொன்னது இவர் பெயரை. அப்படியானால் என் பெயர் வந்ததா, வரவில்லையா? அந்தப் பெண்ணைத் திரும்பித் தேடினேன். கூட்டத்தில் காணவில்லை. உண்மையைச் சொல்லலாமா என்று வாயெடுப்பேன், அவர் சிரிப்பைப் பார்த்ததும் முழுங்கிவிடுவேன். சந்தோஷப்படவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் ஊரிலிருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டார். "ஒங்கக்கா பேரு படத்துல வந்துருக்குடே மாப்ள. அவளே பாத்தா. இந்தா, அவகிட்டயே கேளு" என்று போனை என் கையில் கொடுத்தார்.