கேட் இரண்டு, விளக்கு இரண்டு

சாந்தமேரி கிள்ளானில் ஒரு பல் கிளினிக்கில் நர்ஸ். வேலை கிடைத்து ஜொகூர் போன மகள் பிரெண்டா விட்டுச்சென்ற சின்னத் தொலைநோக்கிதான் அவளுடைய பொழுதுபோக்கு. துறைமுக வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்கள் கரைந்துவிடும். நிறம் காட்டும் இரட்டை நட்சத்திரங்கள் மட்டும் தப்பிக்கும். அவற்றைத் தேடித் தேடிப் பார்ப்பாள்.

செப்டம்பரில் ஒரு நாள், இரவுச் சாப்பாட்டுக்கு முன், வாசலில் அல்பிரியோ என்ற இரட்டை நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுங்கண்ணுக்கு ஒரே புள்ளி. தொலைநோக்கிக்குள் பொன்னிறமாய் ஒன்று, பக்கத்தில் நீலமாய் இன்னொன்று. தலையை நிமிர்த்தினாள். தெருவிளக்கு இரண்டாக நின்றது.

கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். கேட் இரண்டு, எதிர்வீட்டுக் கார் இரண்டு.

அண்ணன் ஐவன் ஸ்ட்ரோக் வந்த அன்று காலையில், "எல்லாம் டபுளா தெரியுது" என்றுதான் சொன்னார். அதன்பிறகு அவர் ஒரு வார்த்தைகூடத் தெளிவாகப் பேசவில்லை.

கணவர் ஜெயராஜ் தேநீர் கொண்டுவந்தார். அவரும் இரண்டு பேராக வந்தார். அவள் மறுபடி தொலைநோக்கியில் குனிந்துகொண்டாள். அதற்கு ஒற்றைக் கண் போதுமே. பொன் ஒன்று, நீலம் ஒன்று, எல்லாம் சரியாக இருந்தது. முகத்தை எடுக்கவே பயமாக இருந்தது.

"தே ஆறிப் போவுது லா, எடு."

கை நீட்டினாள். விரல்கள் காற்றைப் பிடித்தன. அடுத்த முறை கோப்பையைத் தட்டிவிட்டாள், விழுந்து உடைந்தது.

"என்ன மேரி?"

"எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுங்க. அண்ணனுக்கு வந்த மாதிரியே."

அவர் வீட்டைப் பூட்டக்கூட நிற்கவில்லை. காரில் அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு, நாக்குக் குழறுகிறதா என்று பார்க்க, "பிரெண்டா, பிரெண்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நல்லாத்தான் பேசுற. நிறுத்தாத," என்றார் ஜெயராஜ். அவர் குரல்தான் நடுங்கியது.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் விரலைக் காட்டினார். "ஆன்டி, ஒரு கண்ண மூடுங்க. எத்தன?"

"ஒண்ணு."

"ரெண்டையும் திறங்க."

"ரெண்டு," என்றபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஸ்கேன் முடிவு வரும்வரை கணவரின் சட்டைக் கையை அவள் விடவில்லை.

"ஸ்ட்ரோக் இல்ல ஆன்டி. சுகர் ரொம்ப ஏறியிருக்கு, கண்ணத் திருப்புற நரம்பு பாதிச்சிருக்கு. மருந்த விடாம சாப்பிடுங்க. மூணு மாசத்துல பெரும்பாலும் சரியாயிடும்."

'பெரும்பாலும்' என்ற சொல் அவளைத் தூங்கவிடவில்லை. ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி நடந்தாள். தண்ணீர் கொதிக்கும் கெத்தலைத் தொட மாட்டாள். கிளினிக்குக்கு நீண்ட விடுப்புச் சொன்னாள்.

வாரம் போகப் போக இரண்டு கேட்டும் நெருங்கிவந்தன. கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்றாகிவிட்டன. ஜெயராஜ் அன்று கோழி வாங்கிவந்து தானே சமைத்தார். அவளும் சிரித்துக்கொண்டுதான் சாப்பிட்டாள்.

ஆனால் இப்போதும் காலையில் விழித்ததும் மேலே சுற்றும் காற்றாடியைத்தான் முதலில் பார்க்கிறாள். ஒன்றுதான் என்று உறுதியான பிறகே காலைத் தரையில் வைக்கிறாள்.