விற்பதற்கு முன் மணற்காட்டுக்கு ஒரு ஓட்டம்: சீன ட்ரெயில் பைக் எப்படி?

ஆறு மாதமாக என்னிடம் ஒரு சீனத் தயாரிப்பு ட்ரெயில் பைக் இருக்கிறது. இருநூறு சீசீ. தார் வீதியிலும் மண் பாதையிலும் ஓடக்கூடிய உயரமான வண்டி. முன்பு ஒருவர் ஓடியதை ஆறரை இலட்சம் ரூபாவுக்கு வாங்கினேன். இதே வகை ஜப்பான் வண்டிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்கிறார்கள். "வாங்கலாமா?" என்று வாசகர்கள் சிலர் விடாமல் கேட்டீர்கள். நான் பதில் எழுதாததற்குக் காரணம், நானே அதை விற்கும் யோசனையில் இருந்ததுதான்.

என் மனைவி சுகந்திக்கு அதன் உயரம் பிடிக்கவில்லை. "உதிலை ஏறுறதுக்கு ஏணியும் கட்டிக்கொண்டு போகவேணும்" என்பாள். மானிப்பாயில் ஒருவர் வாங்கத் தயாராக இருந்தார், சனிக்கிழமை பின்னேரம் வந்து பார்ப்பதாகச் சொன்னார். ஆனால் ஒருமுறையாவது மணலில் ஓடிப் பார்க்காமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று காலை, கடலோரத்து மணல்மேட்டு ஊரான மணற்காட்டுக்குப் புறப்பட்டேன்.

"நானும் வாறன்" என்றாள் சுகந்தி. "நீங்கள் விழுறதை ஆராவது பார்க்கத்தானே வேணும்."

உடுவிலிலிருந்து சுன்னாகம், புத்தூர், வல்லை வழியாகப் போனோம். ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீற்றர். ஆனி மாதம், சோழகக் காற்று தொடங்கியிருந்தது. வல்லை வெளியில் இரண்டு பக்கமும் ஒதுங்க ஒரு மரமில்லை. உயரமான வண்டியைக் காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தது. மணிக்கு அறுபதுக்கு மேல் போனால் ஹாண்டிலும் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தில் வலப்பக்கக் கண்ணாடி கழன்று திரும்பி, பின்னால் வரும் பஸ்ஸுக்குப் பதிலாக என் முகத்தையே எனக்குக் காட்டியது.

கரவெட்டியில் சுகந்தியின் அண்ணன் குகன் வீட்டில் நிறுத்தி, கண்ணாடியை இறுக்கினேன். குகன் தேத்தண்ணியோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான்.

"மச்சான், ஃபோனைக் கையிலையே வச்சிருக்கிறன். நிண்டால் அடியும், லான்ட்மாஸ்ரர் உழவு மெசினோடை வாறன்."

"நிக்காது" என்றேன்.

"நிக்காட்டிலும் அடியும். ஆச்சரியப்படவேணுமே!"

மணற்காட்டின் சவுக்குத் தோப்புக்குள் நுழைந்ததும் தார் முடிந்து மணல் தொடங்குகிறது. இரண்டு ரயர்களிலும் கொஞ்சம் காற்றை இறக்கினேன். சுகந்தியை நிழலில் விட்டுவிட்டு ஒரு மணல் மேட்டில் ஏற்றிப் பார்த்தேன். பாதி ஏறியதும் பயத்தில் பிறேக்கைப் பிடித்தேன். முன்சில்லு புதைந்தது, வண்டி சரிந்தது, நானும் கூடவே. எழுந்து பார்த்தால் சுகந்தி சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். வண்டிக்குக் கீறல்கூட இல்லை. உதைத்த முதல் உதையிலேயே ஸ்ராட் ஆனது.

அப்போதுதான் கூப்பிடும் குரல் கேட்டது. கொஞ்சத் தூரத்தில் ஒரு ஓட்டோ அச்சுவரை மணலில் புதைந்து நின்றது. குறுக்குப் பாதையென்று தோப்புக்குள் விட்டிருக்கிறார் ஓட்டோக்காரர். பின்சீற்றில் பெரிய வெள்ளைப் பெட்டி.

"அண்ணை, கலியாண வீட்டுக் கேக். சேர்ச்சிலை பூசை முடியப்போகுது. பொம்பிளை மாப்பிளை வந்தவுடனை வெட்டவேணும். இழுத்துவிடுற ரக்ரர்காரரும் பூசையிலை, ஃபோன் எடுக்கிறாரில்லை."

மூன்று பேரும் தள்ளிப் பார்த்தோம். ஓட்டோ இன்னும் ஆழமாக இறங்கியது. குகனைக் கூப்பிட்டாலும், லான்ட்மாஸ்ரர் கரவெட்டியிலிருந்து ஊர்ந்து வர ஒரு மணித்தியாலமாவது ஆகும். சுகந்தி பெட்டியை மெல்லத் திறந்து பார்த்தாள். "ஐசிங் இளகுது. வீடு எவ்வளவு தூரம் தம்பி?"

"கடற்கரைப் பக்கம் அக்கா. ரெண்டு கிலோமீற்றர் வரும். முழுக்க மணல்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சற்றுமுன் விழுந்த மேட்டைப் பார்த்தேன்.

"ஸ்ராட் பண்ணுங்கோ" என்றாள்.

ஓட்டோவின் படியில் ஏறி, அங்கிருந்து பைக்கின் பின்சீற்றில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் பெட்டி. இரண்டு கைகளும் பெட்டியில், என்னைப் பிடிக்கக் கையில்லை. முதலாம் கியரில் மெல்ல எடுத்தேன். மனுசி விழுந்தால் என்ன சொல்வது, கேக் விழுந்தால் கலியாண வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஓடினேன். மேட்டில் பின்சில்லு ஒருபக்கம் வழுக்கியபோது கை தானாகப் பிறேக்குக்குப் போனது.

"நிப்பாட்டாதேங்கோ! நிண்டால் சரிஞ்சிடுவம்! போங்கோ, போங்கோ!"

பிறேக்கை விட்டு, அக்சிலேற்றரைக் கொஞ்சம் கூட்டினேன். அந்த மலிவான எஞ்சின் ஒருமுறை முனகிவிட்டு, இழுத்தது. மேட்டைத் தாண்டினோம். அடுத்த மேடும் அப்படியே. மூன்றாவது மேட்டில் நாங்கள் இருவரும் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பூசையிலிருந்து முன்னதாக வந்து பந்தல் வாசலில் நின்ற கலியாணப் பொம்பிளையின் தாய் பெட்டியை வாங்கித் திறந்தார். கேக்கின் ஒரு பக்கம் பெட்டியோடு ஒட்டிச் சப்பையாகியிருந்தது. அந்தம்மா பெட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அது கிடக்கட்டும் பிள்ளை, அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைப்பம்" என்றார். எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. கணவாய்க் கறி அருமை.

திரும்பும் வழியில் சுகந்தி என் தோளில் தட்டினாள். "மானிப்பாய்க்காரருக்கு ஃபோன் அடிச்சு, விக்கேல்லையெண்டு சொல்லுங்கோ. ஆனா சீற்றை இறக்குங்கோ." கரவெட்டியில் குகனிடம் இதைச் சொன்னபோது, நாங்கள் கொண்டுவந்த கேக் துண்டைத் தவிர வேறு எதையும் அவன் நம்பவில்லை.

இனி, வாங்க நினைப்பவர்களுக்கு. என் வண்டி லீற்றருக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது. மெல்லிய வேகத்தில் நல்ல இழுவை. அறுபதுக்கு மேல் நடுக்கம், முன்வெளிச்சம் மங்கல். போல்ட்டுகள் தளரும், வாரம் ஒருமுறை ஸ்பானர் பிடிக்கவேண்டும். கிளச் கேபிள் யாழ்ப்பாணத்தில் கிடைக்காமல் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன், ஒன்றைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். மணலுக்குப் போவதென்றால் தனியே போகாதீர்கள். திரும்பிவரும்போது ரயருக்குக் காற்றடிக்க மறக்காதீர்கள், நான் மறந்து நெல்லியடிவரை ஆடி ஆடி வந்தேன். வேகமும் பெருமையும் தேடுகிறவர்களுக்கு இது சரிவராது. கையில் கொஞ்சம் எண்ணெய் பட்டால் பரவாயில்லை என்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

சீற்றை இரண்டு அங்குலம் இறக்கிவிட்டேன். நேற்றுப் பின்னேரம் வேலையால் வந்தபோது வண்டி வீட்டில் இல்லை. ஒழுங்கையின் மறுமுனையில் சுகந்தி அதில் உட்கார்ந்திருந்தாள். கால் இன்னும் நிலத்தில் முழுதாக எட்டவில்லை, ஒரு கையால் மதிலைப் பிடித்திருந்தாள்.

"பின்னாலை ஏறுங்கோ" என்றாள்.