மெத்தைக் கம்பெனி அத்தையின் ஜாடைப் பேச்சு

மெத்தைக் கம்பெனி அலுவலகத்தில் கடிதங்களைக் கவனித்துவந்த பெண்மணியை எல்லோரும் அத்தை என்றே அழைத்தார்கள். யாருக்கும் அவர் உறவில்லை. கோப்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த மேஜை அவருடையது. எதையும் நேராகக் கேட்பது அவர் சுபாவத்திலேயே இல்லை. தேநீர் வேண்டுமென்றால், "தொண்டை என்னமோ பண்ணுது" என்பார். பேக்கிங் பிரிவுப் பெண் கோப்பையோடு வந்து நிற்பாள்.

முதலாளிக்கு மட்டும் ஜாடை ஏறாது. "இந்த மூலையில காத்தே வரல தம்பி" என்று அத்தை அவரிடம் பல வருடங்களாகச் சொல்லிவந்தார். "வெயில் காலம் இல்லையா அத்தை" என்று அவர் குளிர்காலத்திலும் சொல்லிவிட்டுப் போவார்.

இப்படிப்பட்ட அலுவலகத்துக்கு ஏஐ வந்தது. இனிமேல் கடிதங்களை அதனிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பது உத்தரவு. அன்றைக்கென்று பார்த்து, மெத்தைகள் வந்துசேராததால் ஒரு விடுதிக்காரர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள பதில் போகலைன்னா ஆர்டர் கைவிட்டுப் போயிடும் அத்தை," என்றார் முதலாளி.

அத்தை கணினியில் தட்டினார்: "விடுதிக்காரர் ரொம்பக் கோபமா இருக்கார்."

"கேட்க வருத்தமாக இருக்கிறது. கோபம் மனித இயல்பு," என்றது ஏஐ.

"யாராவது அவருக்கு நாலு வார்த்தை ஆறுதலா எழுதினா நல்லாயிருக்கும்."

"அருமையான யோசனை. கடிதங்கள் உறவை வளர்க்கும்."

"எனக்குக் கை வேற வலிக்குது."

கைவலிக்கான பயிற்சிகள் வந்தன. அத்தை ஒன்றைச் செய்தும் பார்த்தார்.

எட்டிப் பார்த்த பேக்கிங் பெண், "அத்தை, இதுவும் நம்ம முதலாளி மாதிரியே இருக்கு," என்றாள்.

பொழுது சாயத் தொடங்கியது. அத்தைக்குப் பொறுமை போயிற்று. வீட்டில் கணவரிடம்கூடக் காட்டாத தோரணையில் தட்டினார்: "மெத்தை வியாழக்கிழமை வரும். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு விடுதிக்காரருக்கு லெட்டர் எழுது. இப்பவே எழுது."

எழுதிவிட்டது. கடிதம் போனது. வியாழன் வரை பொறுப்பதாக விடுதிக்காரரின் பதிலும் வந்தது.

அத்தை அந்தப் பதிலை இன்னொரு முறை படித்தார். பிறகு எழுந்து முதலாளியின் அறைக்குப் போனார்.

"தம்பி, என் மேஜையை ஜன்னல் பக்கத்துல போடணும். இப்பவே போடணும்."

முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். பேக்கிங் பெண் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா அத்தை?" என்றார் முதலாளி. "காத்தே வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

அத்தை பேக்கிங் பெண்ணைப் பார்த்து, "தொண்டை என்னமோ பண்ணுது," என்றார்.