டிக் போட்ட மாதங்கள்

அந்தத் தாளை நான்தான் தயாரித்தேன். மாதம், தேதி, நாயின் எடை, மாத்திரை கொடுத்தாயிற்றா, கொடுத்தவர் யார் என்று ஐந்து கட்டங்கள். ஆலையில் ஒவ்வொரு மெஷினிலும் தொங்கும் செக் ஷீட்டைப் பார்த்துக் கோடு போட்டு, இருங்காட்டுக்கோட்டையில் நானும் எங்கள் லைன் லீடரும் வாடகைக்கு இருந்த அறையின் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். அதைப் பார்த்து அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “ஏலே, நாயி மாத்திரைக்குமா செக் ஷீட்டு? ஆடிட் பண்ண யாரு வாரா, கொசுவா?”

எங்கள் லைனில் இருபது பேரை வேலை வாங்குகிறவர் அவர். விளாத்திகுளம் பக்கத்துக்காரர். நான் அதே லைனுக்குக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அறையிலும் அவரை லீடர் என்றே கூப்பிட்டேன். குட்டியாக வாசலுக்கு வந்த நாய்க்கு முதலில் பால் வைத்தது அவர்தான். போல்ட்டுக்கு அடியில் போடும் வாஷர் மாதிரி கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்ததால் வாஷர் என்று பெயர் வைத்ததும் அவர்தான். தேதி தவறாத ஆள் என்பதால் மாத்திரை மட்டும் என் பொறுப்பாயிற்று.

கொசு என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு. ஆனால் விஷயமே கொசுதான். அறைகளுக்குப் பின்னால் கழிவுநீர் தேங்கி நிற்கும். அங்கே பெருகும் கொசு கடித்தால் நாயின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத புழு இறங்கலாம். மாதக்கணக்கில் வளர்ந்து அது இதயத்துக்குப் போய்ச் சேரும். நாங்கள் கொடுத்த மாத்திரை குடற்புழுவையும் பார்த்துக்கொள்ளும், இதையும் பார்த்துக்கொள்ளும். வரப்போகும் மாதத்துக்கு அது காவல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் போன மாதம் உள்ளே நுழைந்ததைத்தான் அது கொல்கிறது. விட்டுவிட்டால் அந்தப் புழு வளர்ந்துவிடும். வளர்ந்த பிறகு அந்த மாத்திரைக்கு அடங்காது. படித்துத் தெரிந்துகொண்ட இதையெல்லாம் அவருக்கும் சொல்லியிருந்தேன். தலையாட்டினார்.

என்னை ஒன்றரை வருடம் ஓசூர் ஆலைக்கு அனுப்பினார்கள். மாத்திரைகளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். தீரும் நேரம் பார்த்து மேலும் வாங்கி அனுப்பினேன். மாதம் பிறந்தால் முதல் தேதியே தாளைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார். புதிதாக ஒரு டிக், பக்கத்தில் அவர் கையெழுத்து. விடுமுறை கிடைத்தால் நேராக ஊருக்குப் போய்விடுவேன். அறைக்கு ஒருமுறையும் வரவில்லை. தாளின் படத்தைத்தான் கேட்டேன். நாயின் படத்தை ஒரு மாதம்கூடக் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது வாஷர் இருமிக்கொண்டிருந்தது. மாடிப்படி ஏற முடியாமல் நடுவில் நின்றது. வீட்டுக்கார அக்கா என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டார். “இன்னாபா, ரெண்டு எட்டு வச்சா உக்காந்துக்குது. நாய வளக்குறீங்களா, இல்ல வேடிக்க பாத்துக்கினு கீறீங்களா?” லாரிப் புழுதியில் வந்த இருமல் என்றார் லீடர்.

இருவரும் சேர்ந்துதான் ஸ்ரீபெரும்புதூரில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். நான் தாளை நீட்டினேன். மருத்துவர் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “இவ்ளோ ஒழுங்கா யாரும் கொண்டாந்ததில்ல சார். ஒரு மாசம்கூட விடல, அப்ப இதயப்புழுவா இருக்காது. சளிதான். மருந்து எழுதித் தரேன்.” எனக்குப் பெருமையாக இருந்தது. மேசை மேல் வாஷரின் கழுத்தை அணைத்துப் பிடித்திருந்தவர் லீடர். அவர் வாயே திறக்கவில்லை.

மூன்று வாரம் சளி மருந்து கொடுத்தோம். வயிறு உப்பியது. மறுபடி போனபோது லீடர் வேலையில் இருந்தார். மருத்துவர் ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். “இதயப்புழுதான் சார். மாத்திர நெஜமாவே உள்ள போச்சா?” சத்தியம் செய்யாத குறையாக, போயிற்று என்றேன்.

அறைக்கு வந்து தேடினேன். அவர் சவரச் சாமான் வைக்கும் தகர டப்பாவுக்குள் மாத்திரை அட்டைகள் கிடந்தன. ஒரே ஒரு மாத்திரைதான் பிரித்திருந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் அவற்றைக் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“மொத மாசம் துப்பிருச்சுப்பா. மறுநா குடுப்பம்னு டிக் போட்டேன். ஓ.டி. வேல வந்துச்சு, மறந்துட்டேன். அப்புறம் அப்படியே பழகிப்போச்சு. லைன்ல எல்லாரும் அப்படித்தானல போடுதோம்?”

“டாக்டர்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?”

“நீ அம்புட்டுப் பெருமையா தாள நீட்டிக்கிட்டு நிக்க. எப்பிடிச் சொல்ல?”

மறதியை நான் மன்னித்திருப்பேன். அந்த மேசை முன்னால் அவர் விழுங்கிய ஒரு வாக்கியத்தை மன்னிக்க முடியவில்லை. அந்த மூன்று வாரத்தில் சிகிச்சையைத் தொடங்கியிருந்தால் பிழைத்திருக்கலாம், நிச்சயமில்லை, ஆனாலும் பிழைத்திருக்கலாம் என்றார் மருத்துவர். இனி அந்தச் சிகிச்சையை இதயம் தாங்காது என்றும் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த நாட்களில் லீடர் வாஷரைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கி, ஏறினார். அவர் மடியில்தான் அது செத்தது. அவர் அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை என்பது என் கோபத்தை இன்னும் கூட்டியது. நாயின் மேல் இவ்வளவு பிரியம் வைத்த மனிதர் ஒன்றரை வருடம் பொய் டிக் போட்டிருக்கிறார்.

மறுநாள் லைனில் எல்லோர் முன்னாலும் லீடரிடம் முதல் மெஷினின் மூடியைத் திறக்கச் சொன்னேன். அன்று காலைதான் சுத்தம் செய்ததாக டிக் போட்டிருந்தது. திறந்தார். உள்ளே கை வைத்தால் விரல் பதியும் அளவுக்குக் கரி. குறையை எழுதி அவர் பெயரைப் போட்டேன். பழைய தாள்களைப் புரட்டினேன். மாதத்துக்கு ஒரு தாள். ஒவ்வொன்றிலும் மாதம் முழுவதுக்குமான டிக்குகள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில். ஒவ்வொன்றின் அடியிலும் ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டம் இருந்தது. நான் ஓசூரில் இருந்த மாதங்கள் போக, மற்ற எல்லாவற்றிலும் அந்தக் கட்டத்தில் இருந்தது என் கையெழுத்து.