சூளுரைத்த அக்கா

வெம்பிளியில் ஒரு துணிக்கடைக்கு மேலே எங்கள் இலவச வாரப் பத்திரிகை நடந்துகொண்டிருந்தது. அதில் ஆசிரியர், நான், ஒழுகும் கெட்டில் ஒன்று. உள்ளூர் ஆங்கிலப் பத்திரிகைகளில் நம் சனத்துக்குத் தேவையான செய்திகளைப் பிடித்து மொழிபெயர்ப்பது என் வேலை. மொழிபெயர்த்ததைக் கெடுப்பது ஆசிரியரின் வேலை.

ஒருவர் பேசியதை எழுத ஆங்கில நிருபர்களிடம் 'செட்' (said) என்று ஒரே ஒரு வினைச்சொல்தான் இருந்தது. அமைச்சர் பதவி விலகினாலும் செட், பக்கத்துத் தெருப் பெண்மணியின் பூனை காணாமல் போனாலும் செட். நான் அதைச் 'சொன்னார்' என்று எழுதிக் கொடுத்தால் ஆசிரியருக்கு உடம்பெல்லாம் கூசும்.

"தம்பி, ஒரு செய்தியில ஒரு சொல்லு ரெண்டு தரம் வரக் கூடாது. சனம் எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?"

அதற்காக அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் 'கூறினார்'. பிறகு 'தெரிவித்தார்', 'சுட்டிக்காட்டினார்', 'வலியுறுத்தினார்', 'எச்சரித்தார்'. அதற்கு மேலும் ஒருவர் வாயைத் திறந்தால் 'சூளுரைத்தார்'. என்ன பேசினார் என்பது பொருட்டே இல்லை. பூனை திரும்பி வந்தபோது, அது இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது என்று அந்தப் பெண்மணி எங்கள் பத்திரிகையில் எச்சரித்தார்.

இந்த ஒழுங்கு என் அக்கா வரைக்கும் வரும் என்று நான் நினைக்கவில்லை.

அக்கா ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறாள். ரயிலில் யாராவது அவள் காலை மிதித்தால் அவள்தான் 'சொரி' என்று மன்னிப்புக் கேட்பாள். வகுப்பில் இப்போது ஆளே இல்லை என்று யாரோ கோள் மூட்டியதை நம்பி, மண்டபப் பொறுப்பாளர் அடுத்த பள்ளித் தவணையிலிருந்து இடம் கிடையாது என்றுவிட்டார். வேறு மண்டபங்களைக் கேட்டுப் பார்த்தாள். எங்குமே சனிக்கிழமை காலியில்லை. வகுப்பு நின்றால் அவள் உடைந்துபோவாள் என்று எனக்குத் தெரியும்.

உள்ளூர் ஆங்கிலப் பத்திரிகை அவளிடம் பேசிச் செய்தி போட்டது. பிள்ளைகளுக்கு இந்த மண்டபம் பிடிக்கும், ஸ்டேஷன் பக்கம், கூட்டித் துடைத்துவிட்டுத்தான் போகிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, சனிக்கிழமை பொறுப்பாளரைச் சந்திக்கப் போவதாகச் சொல்லி முடித்திருந்தாள். எல்லாம் செட். நானும் எல்லாவற்றையும் 'சொன்னார்' என்றே எழுதிக் கொடுத்தேன்.

பத்திரிகை கடைகளுக்குப் போன அன்றே அக்கா போன் எடுத்தாள்.

"டேய், நான் எப்பயடா சூளுரைச்சனான்? அந்தாளைச் சந்திக்கப் போறன் எண்டுதானே சொன்னனான்!"

"நானில்லை அக்கா, ஆசிரியர்."

"பிள்ளையளின்ரை தாய் தகப்பன் எல்லாரும் போன் எடுக்கினம். 'டீச்சர், பயப்பிடாதேங்கோ, நாங்களும் வாறம்' எண்டு. இனி நான் என்ன செய்ய?"

சனிக்கிழமை மண்டப வாசலில் தெருவை அடைத்துக்கொண்டு சனம். சூளுரைத்தவரைத் தனியே விடலாமா என்று பாட்டிமார்கூட வந்திருந்தார்கள். சண்டை நீண்டால் பசிக்குமே என்று ஒருவர் ரோல்ஸ் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். கதவைத் திறந்த பொறுப்பாளர், சாவிக்கொத்தோடு அப்படியே நின்றார். வயதான, மரியாதையான வெள்ளைக்காரர்.

அக்கா முன்னால் போனாள். வழக்கம்போல முதலில் சொரி சொன்னாள். பிறகு, குரல் நடுங்க, இந்த மண்டபம் எங்களுக்கு வேண்டும் என்றாள். அவ்வளவுதான்.

இத்தனை பேரும் வகுப்புக்காரரா என்று அவர் கேட்டார். ஓம், ஓம் என்று பின்னாலிருந்து ஒரே சத்தம். ஆளே இல்லை என்றல்லவா எனக்குச் சொன்னார்கள் என்று முணுமுணுத்துவிட்டு, மண்டபத்தைத் தருவதாகச் சொன்னார். ரோல்ஸும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் மண்டபம் கிடைத்த செய்தியில், அக்கா பேசிய இடத்தில் 'சொன்னார்' என்று எழுதிவிட்டு ஆசிரியரின் பக்கத்திலேயே நின்றேன்.

"இதிலை கை வையாதேங்கோ அண்ணை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கை வைக்கவில்லை. ஆனால் பொறுப்பாளர் சம்மதித்த இடத்தில், நான் தேநீர் போடப் போன நேரம் பார்த்து, 'இறுதியில் அடிபணிந்தார்' என்று போட்டுவிட்டார்.

பத்திரிகை வந்ததும் அக்காவின் போன். நான் முந்திக்கொண்டேன்.

"தெரியும் அக்கா. அந்தாள் பாவம். அடுத்த கிழமை திருத்தம் போடச் சொல்லுறன்."

"வேண்டாமடா," என்றாள் அக்கா. "அது அப்பிடியே கிடக்கட்டும். எனக்கு அந்தப் பேப்பரிலை இன்னும் ரெண்டு கொப்பி எடுத்து வை."